அறுபத்துநாலு பேரும் வந்தார்கள்

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி, கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்துக்கு வழி கேட்டால், "மாஸ்டர் வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த மாஸ்டர் நான்தான். அமிர்தநாதன். இருபத்தேழு வருஷம் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒற்றை ஆளாக நடத்தினேன். ஒரு நாள் பிந்திப் போனதில்லை. கோட்டுப் போடாமல் போனதில்லை. எவனிடமும் கைநீட்டியதில்லை. பெரிய துரை சீமைக்குத் திரும்பும்போது எனக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம், கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. 'பிள்ளைகளின் வரவில் ஒரு குறையும் இல்லாத பள்ளிக்கூடம்' என்று அதில் ஒரு வரி. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வரியைப் படித்துக் காட்டாமல் நான் தேத்தண்ணீர் கொடுத்ததில்லை.

அந்த ஒரு வரியை என் மகள் பவுலின் ஐந்தே மாதத்தில் கிழித்தாள்.

ஐம்பத்து மூன்றில் அவளை யாழ்ப்பாணப் பக்கத்துப் பயிற்சிக் கலாசாலை ஒன்றுக்கு அனுப்பியது நான். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புகிறானே என்று கோயிலில் பேசினார்கள். பேசட்டும் என்று அனுப்பினேன். என் இடத்துக்கு என் மகள்தான் வரவேண்டும் என்று இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து வெள்ளை வொயில் சேலையும் கைக்கடிகாரமுமாக வந்து இறங்கினாள். கூடவே ஒரு தகரப் பெட்டி. திறந்தால் துணிமணி இல்லை. படம் ஒட்டிய மட்டைகள், நூலில் கோத்த புளியங்கொட்டைகள், பாடக் குறிப்புக் கொப்பிகள். கற்பித்தல் பரீட்சையில் முதல் தரம். ஐம்பத்தைந்து தை மாதம் நான் ஓய்வு பெற்றேன், அவள் என் மேசைக்கு வந்தாள். துரைதான் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர். அவர் கையெழுத்துப் போட்டு நியமித்தார். ஆனால் முதல் வருஷம் தகுதி பார்க்கிற காலம். இன்ஸ்பெக்டர் பார்த்து, 'தகுதி' என்று எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சான்றிதழைச் சுருட்டிப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

முதல் நாள் மாலை தொண்டை கட்டி வந்தாள். குரல் கரகரவென்று வந்தது.

"என்ன டீச்சரம்மா, தகரக் கூரைக்குக் கீழ எப்பிடிக் கத்துறதுன்னு யாழ்ப்பாணத்துல சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"அங்க முப்பது பிள்ளைங்கப்பா. எல்லாம் எண்ணெய் தேச்சு, தலை சீவி, ஒரே வகுப்பு. பின்னால விரிவுரையாளர் உக்காந்து குறிப்பு எடுப்பாரு. நான் ஒரு கேள்வி கேட்டா முப்பது கையும் மேல போகும். இங்க ஒரே மடுவத்துல, ஒரே கொட்டகையில, அஞ்சு வகுப்பு. ஒண்ணாம் வகுப்பக் கேட்டா அஞ்சாம் வகுப்பு பதில் சொல்லுது. அஞ்சாம் வகுப்பக் கேட்டா பக்கத்துப் பிள்ளைக்காம்பராவுல, தாய்மாரு விட்டுட்டுப் போன கைக்குழந்த அழுவுது. மழ வந்தா எனக்கே என் சத்தம் கேக்கல."

"நான் இருபத்தேழு வருஷம் சமாளிச்சேன்."

"எப்பிடிங்கப்பா?"

"பிரம்பால."

என் மனைவி மரியநாயகி கொத்தமல்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "பிரம்புக்கு வாய் இருந்தா அது சொல்லும், யாரு சமாளிச்சதுன்னு," என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

பவுலின் பிரம்பைத் தொடவில்லை. அது எனக்கு முதல் கோபம். மழை தகரத்தில் கொட்டும் நேரமெல்லாம் பிள்ளைகளை எழுத வைத்தாள், மழை விட்ட நேரத்தில் மட்டும் பேசினாள். வட்டவளையில் மழை விடுவது எப்போது? அதனால் பிள்ளைகள் எழுதி எழுதியே கிடந்தார்கள். பங்குனி முடிவதற்குள் இரண்டாம் வகுப்புக்காரன் தகப்பன் பேரை எழுதுகிறான் என்று, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் காலத்தில் அதற்கு நாலாம் வகுப்பு ஆகவேண்டும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் என்ன?

சித்திரையில் கொழுந்துக் காலம் வந்தது. வினை அங்கேதான்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பொங்குகிற அந்த இரண்டு மாதமும் ஒரு வழக்கம் உண்டு. நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். காலையில் பெரட்டுக் களத்தில் பெரிய ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார்கள். அது முடிந்ததும், ஏழரை மணிக்கு, நான் பள்ளிக்கூட வாசற்படியில் நின்று பிள்ளைகளுக்குப் பேர் கூப்பிடுவேன். ஒவ்வொருவனும் "இருக்கேங்க" என்பான். நான் பதிவேட்டில் கோடு போடுவேன். அறுபத்துநாலு பேர், அறுபத்துநாலு கோடு. பிறகு சோலைமலைக் கங்காணி அவர்களைத் தாய்மாருக்குப் பின்னால் மலைக்கு ஓட்டிக்கொண்டு போவான். சின்னக் கை கொழுந்தைக் கிள்ளித் தாயின் கூடையில் போடும். ஆட்களுக்குச் சம்பளம் போடும் செக்ரோலில் அவர்கள் பேர் இருக்காது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருக்கும். என்னோடு முதலாம், இரண்டாம் வகுப்புப் பொடிசுகள் கொஞ்சம் மிஞ்சும்.

நான் பொய் எழுதவில்லை. கூப்பிட்டேன், இருந்தார்கள், எழுதினேன்.

அந்தச் சித்திரையில் சோலைமலை கம்போடு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறான்.

"டீச்சரம்மா, பேரக் கூப்பிட்டு விடுங்க. மலை காத்துக்கிட்டு இருக்கு."

"ஒன்பதரைக்குக் கூப்பிடுவேன் கங்காணியாரே. முதல் பாடம் முடியட்டும்."

"ஒன்பதரைக்குக் கொழுந்து முத்திப் போயிருமே."

"அப்ப இவங்க படிப்பு?"

"அது முத்தாதுங்க. எங்கயும் போகாது. மெதுவா வரட்டும்."

இதை அவனே எனக்குச் சொல்லிச் சிரித்தான். பேர் கூப்பிடாமலே பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒன்பதரை மணிக்கு அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வெற்று மடுவத்தில் அறுபத்துநாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறாள். பத்தொன்பது பேர் பதில் சொன்னார்கள். மிச்சம் நாற்பத்தைந்து பேருக்கும் சிவப்பு மையில் வட்டம். மறுநாளும் நாற்பத்தைந்து. அதற்கு மறுநாளும்.

தோட்டத்து ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் எனக்கு ஆள் அனுப்பினார்.

அந்த ஆபீசில் எனக்கு ஒரு ஜன்னல் உண்டு. உள்ளே போகிறவர்கள் வேறு. நான் ஜன்னலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நிற்பேன். உள்ளே இருந்தபடி அவர் பேசுவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் பேசினார். குடையை மட்டும் மடக்கிவிட வேண்டும். இருபத்தேழு வருஷமும் மடக்கினேன். அன்றும் மடக்கினேன்.

"மாஸ்டர், உங்கட மகள் என்ன, எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் பாக்கிறாளோ?" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் குரல் தாழும். "சின்னப் பிள்ளையள் மலையில நிக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கு. பள்ளிக்கூடத்திலையும் இல்லையெண்டு அவள் சிவப்பு மையில எழுதி வைச்சால், அப்ப எங்க நிண்டதெண்டு எவனும் கேப்பான்தானே? உங்கட காலத்தில ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததோ?"

"இல்லைங்க."

"பின்னை? வளத்த பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ."

வளர்த்த பிள்ளைக்கு. என் வளர்ப்பைப் பற்றி ஜன்னலுக்கு உள்ளே இருந்து ஒருவர் பேசும்படி ஆயிற்று. வீடு வரைக்கும் குடையை விரிக்காமலே நடந்தேன்.

"எத்தன மணிக்குக் கூப்பிட்டா உனக்கு என்ன?" என்று கேட்டேன். "கூப்பிடுறதுதானே உன் வேலை? உன் வீட்டு மானத்தச் சிவப்பு மையில எழுதுறியா?"

அவள் எழுதிக்கொண்டிருந்த பாடக் குறிப்பை மூடினாள். "நீங்க எழுதினது பொய்தானேங்கப்பா?"

"கூப்பிட்டேன். இருந்தாங்க. எழுதினேன். எங்கடி பொய்?"

"ஏழரைக்கு இருந்தாங்க. பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத்தானேப்பா தொடங்குது?"

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். எதுவானாலும் மரியநாயகி வழியாகத்தான்.

"உன் மகள்கிட்ட சொல்லு, துரை வீட்டுச் சோத்தத் தின்னுட்டுத் துரைக்கே குழி பறிக்கக் கூடாதுன்னு."

"அவளுக்குக் காது கேக்குது. நீங்களே சொல்லுங்க."

"சொல்லுன்னா சொல்லு."

"பவுலினு, அப்பா சொல்றாரு. கேட்டுச்சா? கேட்டுச்சாம். இந்தாங்க, நீங்க சாப்பிடுங்க."

வைகாசி முழுவதும் அப்படிப் போயிற்று. பவுலின் இளைத்தாள். காலையில் பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளை லயத்து வாசலிலேயே பிடித்து வைத்து ஒரு மணி நேரம். கொழுந்துச் சாறு ஒட்டிய கையோடு தூங்கி விழுகிற பிள்ளைகளுக்கு மட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கலாசாலையில் கொடுத்த பாடக் குறிப்பில் அதற்கு ஒரு பக்கமும் இருக்காது. சில நாள் அங்கிருந்து வரும்போது முகம் கழுவி வருவாள். எதற்குக் கழுவினாள் என்று தாய் கேட்க மாட்டாள், நான் பார்க்க மாட்டேன்.

கிளாக்கர் சும்மா இருப்பவரா? தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரையிடம் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு எழுதிவிட்டார். புதிய ஆசிரியை வந்த நாள் முதல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை, நிர்வாகம் தெரியாதவர், நிரந்தரமாக்க வேண்டாம் என்று. ஆனியிலும் கொழுந்து ஓயாத வருஷம் அது. அந்த மாதமே இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் சோலைமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பெரிய கிளாக்கர் ஐயா சொல்லச் சொன்னாரு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரணுமாம். பழைய பதிவேட்டக் காட்டி, கையெழுத்து உங்களோடதான்னு கேப்பாங்களாம். ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். வேற ஒண்ணும் சொல்ல வேணாமாம்."

"நான் என்ன சொல்லணும்னு நீ வந்து சொல்றியா?"

"நான் எங்கங்க சொன்னேன்? நான் கம்பு. அவுங்க கை."

அன்று நான் முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து என்னுடையதுதான். ஆமாம் என்பது பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தையில் என் பெயர் நிற்கும், அவள் வேலை போகும். போனால் என்ன? பெண் பிள்ளை. கலியாணம் கட்டிக் கொடுத்தால் முடிந்தது. இருபத்தேழு வருஷத்துப் பெயர் போனால் எந்த மாப்பிள்ளை வந்து மீட்டுத் தருவான்? இப்படித்தான் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

காலையில் கோட்டைப் போட்டேன், தலைப்பாகையைக் கட்டினேன், போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் இன்ஸ்பெக்டர் மர்சூக் உட்கார்ந்திருந்தார். துருக்கித் தொப்பி, மெலிந்த முகம், பேச்சில் அவசரமில்லாத மனிதர். மேசையில் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது பவுலினுடையது, கீழே இருந்தவை என்னுடையவை. கிளாக்கர் ஒரு பக்கம் நின்றார். பவுலின் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்று பிள்ளைகளை மலைக்கு ஓட்டவில்லை, இன்ஸ்பெக்டர் வருகிறாரே! அறுபத்துநாலும் வந்து நெருக்கி உட்கார்ந்திருந்தன. வாசலில் தாய்மார் நாலைந்து பேர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மாஸ்டர் நிக்கிறார். ஒரு கதிரை கொண்டுவாருங்கோ," என்றார் கிளாக்கர்.

நான் கேட்டது சரிதானா என்று பார்த்தேன். ஆபீசிலிருந்து ஒரு ஆள் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தான். பிரம்புப் பின்னல் போட்ட நாற்காலி. இருபத்தேழு வருஷம் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே நாற்காலி. தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்து எனக்குப் பின்னால் போட்டான்.

"இருங்கோ மாஸ்டர், இருங்கோ."

உட்காரவில்லை. ஆனால் உட்காரவேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசைதான் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

இன்ஸ்பெக்டர் என் பதிவேடுகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். "முப்பத்தொன்பதாம் வருஷம். சித்திரை, வைகாசி. பேர் பதிஞ்சவங்கள்ல ஒருத்தர்கூட ஒரு நாளும் தவறவேயில்ல. நான் பார்த்த எந்தப் பள்ளிக்கூடத்திலயும் இப்படி இல்ல மாஸ்டர். டவுன் பள்ளியிலகூட இல்ல." பக்கத்தில் விரலை ஓட்டினார். "காளியாயி. இந்தப் பிள்ளை இப்ப எங்க?"

"வாசல்லதான் நிக்குது. ஏய், உள்ளுக்கு வா," என்றார் கிளாக்கர்.

காளியாயி சாக்கை எடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கொழுந்துக்காரி. அவள் மகள் பூரணி அந்தக் கூட்டத்தில்தான் முன்வரிசையில் இருந்தாள்.

"நீங்க இங்க படிச்சீங்களா தாயே?"

"படிச்சேங்க. நாலு வருஷம்."

"நாலு வருஷமும் ஒழுங்கா வந்தீங்களா?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "தவறாம வந்தேங்க."

இன்ஸ்பெக்டர் பவுலினுடைய மட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் ஒரு மரம், கீழே 'மரம்' என்று மூன்று எழுத்து. "இதைக் கொஞ்சம் படிங்க பார்ப்போம்."

அவள் மட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், பூரணி எழுந்து அதைத் திருப்பிக் கொடுத்தது. காளியாயி வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியலைங்க. நான் கைநாட்டுங்க."

"நாலு வருஷம் தவறாம வந்திருக்கீங்களே?"

"வந்தேங்க. மாஸ்டர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரக் குத்தம் சொல்லக் கூடாதுங்க." அவள் குரல் உயர்ந்தது. "எனக்குத்தான் ஏறலைங்க. எம் மண்ட களிமண்ணுங்க."

கிளாக்கர் சிரித்தார். "இதுகளின்ர மண்டை அப்பிடித்தான் சேர். மாஸ்டர் என்ன செய்வார், பாவம்."

கூட்டத்தில் சில பிள்ளைகளும் சிரித்தன. பூரணி சிரிக்கவில்லை. தாயைப் பார்த்தபடி நின்றது.

களிமண்ணா? அந்தக் காளியாயி எனக்கு ஞாபகம் இருக்கிறாள். எட்டு வயதில், வாசற்படியில் பேர் கூப்பிடும்போது, தனக்கு முன்னால் கூப்பிட்ட நாற்பது பேரையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். கூப்பிட மறந்தால் எடுத்துக் கொடுப்பாள். அத்தனை பேரையும் தலையில் வைத்திருந்தவளுக்கு ஒரே ஒரு பேரை, அவள் பேரை, எழுதக் காட்டிக் கொடுக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. ஏனென்றால் கங்காணி நின்றான், மலை காத்திருந்தது. இப்போது அவள் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் மகளுக்கு முன்னால் தன்னை மண் என்கிறாள். அதற்கு அந்த ஆள் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே எனக்கு நாற்காலி போடுகிறார்.



"உக்காரு காளியாயி!" என்று கத்தினேன்.

பழைய குரல் அது. பிரம்பு இருந்த காலத்துக் குரல். அவள் அந்த இடத்திலேயே சடாரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் முதுகை நிமிர்த்தின. நாற்காலியை நான் காலால் தள்ளினேன். அது கரும்பலகையில் மோதி விழுந்தது.

"கையெழுத்து என்னுடையதுதான் ஐயா," என்றேன். "ஒவ்வொரு கோடும் நான் போட்டது. ஏழரைக்கு வாசல்ல நிக்க வெச்சுப் பேர் கூப்பிட்டேன். எட்டு மணிக்கு இவங்க மலையில நின்னாங்க. இவ படிக்க வரல, வரவிடல. நான்தான் அனுப்பினேன். இருபத்தேழு வருஷம். இவ மண்டையில களிமண் இல்ல, நான் ஒண்ணும் வைக்கல. அந்தப் புள்ள போட்டிருக்கிற சிவப்பு வட்டம்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல எழுதின முதல் நிசம்."

"மாஸ்டர், யோசிச்சுக் கதையுங்கோ," என்றார் கிளாக்கர். குரல் தாழ்ந்திருந்தது.

"ஜன்னலுக்கு வெளியில நின்னு நிறைய யோசிச்சிட்டேன் ஐயா."

இன்ஸ்பெக்டர், பள்ளிக்கூடத்தில் நடப்பதை எழுதி வைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நான் சொன்னதை அப்படியே எழுதினார். அதற்குக் கீழே, புதிய ஆசிரியையின் பதிவேடு சரியானது, தகுதி, என்று எழுதினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"உங்களுடைய கையொப்பமும் வேணும் மாஸ்டர். கட்டாயமில்ல."

என் பொய்க்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்! போட்டேன். சவரிமுத்து அமிர்தநாதன் என்று, அப்பா பேரோடு, நிறுத்தி எழுதினேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பவுலினைப் பார்க்காமல், வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சட்டத்தைக் கழற்றி, கடிதத்தை உருவி மடித்தேன். மறுநாள் சோலைமலை வந்தபோது, அதைக் கிளாக்கரிடம் கொடுக்கச் சொல்லி அவன் கையில் திணித்தேன். அவர் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். "இதுல கம்புக்கு ஒரு பங்கும் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டு ஓடினான். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பவுலின் எனக்கு நன்றி சொல்ல வந்தாள். "அப்பா" என்று தொடங்கினாள்.

"உன் மகள்கிட்ட சொல்லு, அவளுக்காக நான் ஒண்ணும் சொல்லலைன்னு," என்றேன் மரியநாயகியிடம்.

"அது அவளுக்குத் தெரியும். அதான் நன்றி சொல்ல வந்திருக்கா," என்றாள் அவள்.

மூன்றாம் நாள் மாலை காளியாயி வந்தாள். படியேறவில்லை. முற்றத்தில், கூடையை இறக்காமல் நின்றாள். கண் சிவந்திருந்தது. என்னிடம் நன்றி சொல்ல இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன் மாஸ்டர் அப்பிடிச் செஞ்சீங்க?" என்றாள். "நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன். நீங்க நிசத்தச் சொல்லி என்னப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. லயம் பூராச் சிரிக்குது."

இப்படி என் வாசலில் நின்று என்னைக் கேட்டவர் அதற்கு முன்னால் யாரும் இல்லை. "யாரு உன்னப் பொய் சொல்லச் சொன்னது?" என்று நானும் கத்தினேன்.

"உங்க மொகந்தான் சொல்லுச்சு. அந்த நாற்காலியப் பாத்தீங்களே, அப்ப." அவள் மூச்சு வாங்கினாள். "சரி, அது போகட்டும். எம் மண்டையில நீங்க ஒண்ணும் வைக்கலன்னு ஊருக்கு முன்னால சொன்னீங்கல்ல? நாளைக்கு எம் பூரணிய நான் மலைக்கு அனுப்ப மாட்டேன். கங்காணி வந்து லயத்துல நின்னு சத்தம் போடுவாரு. செக்ரோல்ல எனக்குப் பேரில்லாமப் பண்ணுவேம்பாரு. நீங்க வந்து பதில் சொல்லுங்க. பதில் சொல்றதுதான் இப்ப உங்களுக்கு நல்லா வருதே!"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். என்னிடம் உத்தரவு கேட்கவில்லை.

"நான் என்ன இவ வீட்டுக் காவக்காரனா?" என்று மரியநாயகியிடம் கத்தினேன்.

"கோட்டு நனைஞ்சிருக்கு. காலைக்குள்ள காயணும்னா இப்பவே அடுப்புக்கு மேல போடணும்," என்றாள்.

மறுநாள் விடிந்து, பெரட்டுக்குத் தப்புக் கொட்டும் சத்தம் கேட்டபோது நான் காளியாயியின் லயத்து வாசலில் நின்றேன். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. கோட்டில் புகை நாற்றம். பெரிய ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு இறங்கினார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. ஏழரைக்குச் சோலைமலை பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். கிளாக்கருடைய புது ஏற்பாடு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், லயம் லயமாக வந்து ஓட்டிக்கொண்டு போவது.

"பூரணி, வெளிய வா," என்றான். பிறகுதான் என்னைக் கண்டான். "மாஸ்டரு என்னங்க இங்க?"

"அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகுது."

"பெரிய கிளாக்கர் ஐயா கேட்டா?"

"அமிர்தநாதன் லயத்து வாசல்ல நிக்கிறான்னு சொல்லு. என்னோட பேச வேண்டியிருந்தா இங்க வரச் சொல்லு. இங்க ஜன்னல் கிடையாது."

"மாஸ்டர், வேலை போயிரும், காளியாயிக்கு."

"அவ பேர வெட்டிப் பாக்கச் சொல்லு. சம்பவத் திரட்டுல இன்னும் நிறையப் பக்கம் வெறுமனே கிடக்கு. இன்ஸ்பெக்டர் வீட்டு விலாசமும் எங்கிட்ட இருக்கு."

அவன் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். நான் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். எனக்கு அறுபது வயது. அவன் தள்ளினால் விழுந்திருப்பேன். அவன் அப்பா எனக்குக் குடை பிடித்தவன். கடைசியில் காறித் துப்பிவிட்டு, மற்றப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு மலையேறினான். அவர்களில் ஒருவனையும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க முடியாது. அந்தக் கோபம் தனி.

பூரணியை நடத்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசற்படியில் விட்டேன். உள்ளே போகவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. கூரை ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றேன், பழக்கம்.

ஒன்பதரைக்குப் பவுலின் பேர் கூப்பிடத் தொடங்கினாள். அறுபத்துநாலு பேரையும், இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொன்றாக. பதில் வராத பேருக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டாள். என்னைப் போல ஓட்டவில்லை.

"பூரணி."

"இருக்கேங்க டீச்சர்."

அன்று பத்தொன்பதல்ல, இருபது.